எந்த ஸ்பார்க் பிளக் வாங்குவது? முதலில் எண், அப்புறம்தான் உலோகம்

கேள்வி இதுதான். நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் கொஞ்ச நேரம் உதறுகிறது. பிளக் மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கடையில் நிக்கல், பிளாட்டினம், இரிடியம் என மூன்று வகை காட்டுகிறார்கள். இரிடியம் போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார்கள். எதை வாங்குவது?

சுருக்கமாகச் சொன்னால், வண்டியோடு வந்த கையேட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அந்த எண்ணுள்ள பிளக்கை வாங்குங்கள். அது இரிடியம் என்றால் இரிடியம். நிக்கல் என்றால் நிக்கலே போதும். ஆனால் கையேடு தொலைந்துபோயிருக்கலாம், அந்த எண் கடையில் இல்லாமல் போகலாம், வேறு கம்பெனி பிளக்கை எடுத்து “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று நீட்டலாம். அப்போது முடிவு எடுக்க வேண்டியவர் நீங்கள். அதற்கு அந்த எண்ணுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்6இ-11 என்ற பிளக். முதல் இரண்டு எழுத்துகள் மரையின் விட்டம் 14 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ. என்கின்றன. ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 6 என்பது ஹீட் ரேஞ்ச். ‘இ’ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 11, மின்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 1.1 மி.மீ. என்பதைக் குறிக்கிறது. டென்சோ என்ற இன்னொரு கம்பெனியில் இதற்கு ஈடாக வருவது கே20பிஆர்-யு11. அங்கே ஹீட் ரேஞ்ச் 20. இரண்டும் ஒரே எஞ்சினில் உட்காரும், ஆனால் எண்களைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். இது முக்கியம், கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் அளவுகள். மரையின் விட்டம் தவறினால் பிளக் உள்ளேயே போகாது, அதனால் அங்கே ஆபத்து குறைவு. ஆபத்து மரையின் நீளத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் நீளம் தவறான பிளக்கும் சுலபமாக ஏறிவிடும். தேவையைவிட நீளமாக இருந்தால் நுனி எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். சில எஞ்சின்களில் பிஸ்டனோ வால்வோ அதில் இடித்துவிடும். இடிக்காவிட்டாலும் வெளியே நீட்டிய மரையில் கரி இறுகி, அடுத்த முறை கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டின் மரையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். குட்டையாக இருந்தால் பொறி ஒரு குழிக்குள் விழுகிறது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சரியாகப் பற்றாது, ஹெட்டில் மூடப்படாத மரைகளில் கரி சேரும். பிறகு சரியான பிளக்கைப் போட்டாலும் அந்தக் கரி தடுக்கும். ஆகவே புதிய பிளக்கையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாஷர் உட்காரும் விளிம்பிலிருந்து மரை முடியும் இடம் வரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. அப்படியே வாஷரையும் கவனியுங்கள்: சில பிளக்குகள் வாஷரோடு வரும், சில கூம்பு வடிவ விளிம்போடு வாஷர் இல்லாமல் வரும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக் கூடாது.

இப்போது ஹீட் ரேஞ்ச். பிளக் வாங்குவதில் இதுவே முக்கியமான முடிவு, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். “ஹாட் பிளக் போட்டால் பொறி சூடாக அடிக்கும்” என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பொறிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எரியறையில் பிளக்கின் நுனி வாங்கும் வெப்பத்தை எவ்வளவு வேகமாக வெளியே கடத்துகிறது என்பதே ஹீட் ரேஞ்ச். பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே பாருங்கள்: நடு மின்முனையைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் ஒரு மூக்குபோல நீண்டிருக்கும். அந்த மூக்கு நீளமாக, உள்ளே ஆழம் வரை தனித்து நின்றால், வெப்பம் உலோக உடலைத் தொட நீண்ட தூரம் போக வேண்டும். நுனி சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் உடலுக்குப் போய், மரை வழியாக ஹெட்டுக்கும் அங்கிருந்து கூலன்ட்டுக்கும் போய்விடும். அது கோல்டு பிளக்.

ஏன் இவ்வளவு கணக்கு? நுனி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி எரிந்துபோகும். அதற்குக் கீழேயே கிடந்தால் கரி பூசிக்கொண்டு, மின்சாரம் பொறியாகத் தாவாமல் கரி வழியே கசிந்து போகும். மறுபக்கம், 850 டிகிரியை ஒட்டிப் போனால் நுனியே நெருப்புத் துண்டாகி, பொறி அடிப்பதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழ இது ஒன்று போதும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நுனி நிற்க வேண்டும் என்றுதான் எஞ்சினை வடிவமைத்தவர்கள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாமாக அதை மாற்றுவதற்குக் காரணம் மிகக் குறைவு. எஞ்சினின் பவரை வேலை செய்து கூட்டியிருந்தால், டியூன் செய்தவர் சொல்லி ஒரு படி கோல்டு போடலாம். வெறுமனே “ஹைவேயில் அதிகம் ஓட்டுகிறேன்” என்பதற்காக மாற்ற வேண்டாம்.

இந்த எண் விஷயத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக் கூட பிளக் கோல்டு. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடக் கூட ஹாட். என்ஜிகேயில் 5 என்றால் பாஷில் ஏறக்குறைய 8. என்ஜிகேயில் 6 என்றால் பாஷில் 7. டென்சோவில் முறையே 16, 20. என் அண்ணன் வண்டிக்கு ஒருமுறை இதே தப்பு நடந்தது. கழற்றிய பிளக்கில் 5 என்றிருந்தது, வேறு கம்பெனியில் 5 என்றிருந்ததை வாங்கிப் போட்டோம். மரை, நீளம், அறுகோணம் எல்லாம் கச்சிதம். தினமும் மூன்று கிலோமீட்டர் போய் வரும் வண்டி அது. இரண்டு வாரத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்க ஆரம்பித்தது, கிளம்பும்போது திணறியது. கழற்றிப் பார்த்தால் நான்கு பிளக்கிலும் விளக்குக் கரிபோல உலர்ந்த மைக்கறுப்பு. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கம்பெனியின் 5, நமக்குத் தேவையானதைவிடப் பல படிகள் கோல்டு. கம்பெனியின் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துச் சரியான எண்ணைப் போட்டதும் வண்டி மறுபடி நன்றாக ஓடியது. அன்றிலிருந்து கம்பெனி மாறினால் அட்டவணை பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. பெரிய பிளக் கம்பெனிகள் எல்லாமே காரின் மாடல், ஆண்டு, எஞ்சின் கோடு (எஞ்சினின் குறியீடு) ஆகியவற்றைக் கொடுத்துத் தேடும் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. எஞ்சின் கோடு முக்கியம். ஒரே பெயருள்ள காரில் இரண்டு மூன்று எஞ்சின்கள் வந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் பிளக் வேறு.

ரெசிஸ்டரைப் பற்றி இரண்டு வரி போதும். பிளக்குக்குள் இருக்கும் சில ஆயிரம் ஓம் தடை, பொறி அடிக்கும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சலை அடக்குகிறது. பழைய காலத்தில் ரேடியோவில் கரகரப்பு வராமல் இருக்க அது போதும். இன்றைய வண்டியில் எஞ்சின் கம்ப்யூட்டரும் சென்சார்களும் குழம்பாமல் இருக்க அது கட்டாயம். ‘ஆர்’ போட்டிருக்கும் இடத்தில் ‘ஆர்’ இல்லாத பிளக்கைப் போடாதீர்கள்.

சரி, உலோகத்துக்கு வருவோம். பலர் நிக்கல் பிளக்கை “காப்பர் பிளக்” என்பார்கள். செம்பு உள்ளே, நடு மின்முனையின் மையத்தில், வெப்பத்தைக் கடத்துவதற்காக இருக்கிறது. இரிடியம் பிளக்கிலும் அதே செம்பு உண்டு. வித்தியாசம் பொறி அடிக்கும் நுனியில் மட்டும். நிக்கல், பிளாட்டினம், இரிடியம் ஆகிய மூன்றின் உருகுநிலையைப் பாருங்கள்: நிக்கல் 1455 டிகிரி, பிளாட்டினம் 1768, இரிடியம் 2446. ஒவ்வொரு பொறியும் நுனியிலிருந்து துளித் துளியாக உலோகத்தைத் தின்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டரில் 40,000 கிலோமீட்டர் ஓட 1,000 மணி நேரம் ஆகும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,000 முறை அடிக்கும். ஆக மொத்தம் 6 கோடி பொறிகள். நிக்கல் நுனி இதைத் தாங்குவதற்கு 2.5 மி.மீ. அளவுக்குத் தடியாக இருக்க வேண்டியிருக்கிறது. இரிடியம் கடினம் என்பதால் 0.6 மி.மீ., சிலவற்றில் 0.4 மி.மீ. வரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது.

மெல்லிய நுனியில் மின்புலம் குவிவதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவும். குளிரில் ஸ்டார்ட் ஆவதிலும், காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள்) கொஞ்சம் களைத்துப்போன வண்டியிலும் இந்த உதவி தெரியும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில் புதிய நிக்கல் பிளக்கும் கலவையைப் பற்றவைக்கத்தான் செய்கிறது; இரிடியமும் அதையேதான் செய்கிறது. பற்றிய பிறகு எரியும் பெட்ரோல் ஒன்றுதான். தேய்ந்த நிக்கலை எடுத்துவிட்டுப் புது இரிடியம் போட்டவர்கள் “வண்டி பறக்கிறது” என்று சொல்லும்போது, அவர்கள் உணர்வது பெரும்பாலும் பழைய பிளக்குக்கும் புதிய பிளக்குக்கும் உள்ள வித்தியாசத்தை. இரிடியத்தின் உண்மையான லாபம் ஆயுள். நிக்கல் பொதுவாக 30,000 முதல் 50,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிவரும். நீண்ட ஆயுளுக்கென்று செய்த பிளாட்டினம், இரிடியம் வகைகள் 1,00,000 கிலோமீட்டர் வரை போகும். நீண்ட ஆயுள் வகை என்று குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. நடு மின்முனையில் மட்டும் இரிடியம், எதிரே வளைந்து நிற்கும் மின்முனை சாதாரண நிக்கல் என்று சில வரும். அவை அவ்வளவு தூரம் தாங்காது. எதிர் மின்முனையின் உள்பக்கத்திலும் ஒரு சின்னப் பொட்டுபோல பிளாட்டினம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பொட்டு இன்னொரு இடத்தில் கட்டாயம். சில எஞ்சின்களில் ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். அப்போது ஒரு பிளக்கில் மின்சாரம் நடுவிலிருந்து வெளியே தாவும், ஜோடிப் பிளக்கில் தலைகீழாகத் தாவும். அதனால் பாதி பிளக்குகளில் எதிர் மின்முனைதான் அதிகம் தேயும். அங்கே இரண்டு பக்கமும் பிளாட்டினம் உள்ளதைத்தான் கார் கம்பெனி சொல்லியிருக்கும்.

ஆகவே என் வழக்கம் இப்படி: கார் கம்பெனி நிக்கல் சொல்லியிருந்தால், அதே ஹீட் ரேஞ்ச், அதே அளவில் இரிடியத்துக்கு ஏறலாம், அடிக்கடி கழற்ற வேண்டாம் என்பது மட்டுமே காரணம். கம்பெனி இரிடியம் சொல்லியிருந்தால் நிக்கலுக்கு இறங்குவதில்லை. வண்டி ஓடும், ஆனால் 1,00,000 வரை தொடாமல் விடலாம் என்று நினைத்த இடத்தில் இடைவெளி சீக்கிரமே அகன்று, அந்தத் தூரத்தைத் தாண்ட காயில் அதிக வோல்ட் கொடுத்துக் கொடுத்தே சாகும். எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக்குக்குக் கை எட்டும் என்ற எஞ்சின்களில் இது இன்னும் வருத்தமான கணக்கு. மூன்று நான்கு எதிர் மின்முனைகள் வைத்த பிளக்கைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஒரு நேரத்தில் பொறி அவற்றில் ஒன்றுக்குத்தான் தாவும். உங்கள் எஞ்சினுக்கு அதுதான் என்று கையேடு சொன்னால் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

டர்போ வண்டியோ, சிஎன்ஜி, எல்பிஜியில் ஓடும் வண்டியோ என்றால் இடைவெளியை இன்னும் கவனிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். எரிவாயுவுக்கும் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். அதனால் இந்த எஞ்சின்களுக்குப் பொதுவாக இடைவெளி குறைவாகத்தான் சொல்லியிருப்பார்கள். நிக்கல் பிளக்கில் இடைவெளியை நீங்களே வைத்துக்கொள்ளலாம், வளைந்த மின்முனையை மட்டும் மெல்ல வளைத்து. நடு மின்முனையை நெம்புகோலின் தாங்குபுள்ளியாக ஆக்கிவிடக் கூடாது. இரிடியம் நுனி கடினமானது, ஆனால் மொறுமொறுப்பானது. இடைவெளி அளக்கும் கேஜை அதன்மேல் அழுத்தினால் ஒடிந்துவிடும். கம்பி வடிவ கேஜால் உரசாமல் அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் கை வைக்காதீர்கள். கீழே விழுந்த பிளக்கை எஞ்சினில் போடாதீர்கள். வெளியே எதுவும் தெரியாது, ஆனால் பீங்கானில் முடியளவு விரிசல் விழுந்திருக்கும்.

புதியது வாங்கும் முன் பழையதைக் கழற்றி வரிசையாக வைத்துப் படியுங்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். எது எந்த சிலிண்டர் என்று எழுதி வையுங்கள். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் ஹீட் ரேஞ்ச் சரி, எஞ்சினும் நலம். அதே எண்ணை வாங்குங்கள். உலர்ந்த கரி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது வண்டி சூடேறும் முன்பே நிற்கும் சின்னப் பயணங்கள், அல்லது பிளக் தேவைக்கு மேல் கோல்டு. எண்ணெய்ப் பசையோடு ஈரக்கறுப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. எந்தப் பிளக்கும் அதைக் குணப்படுத்தாது. மூக்கு சுண்ணாம்புபோல வெளுத்து, சின்னச் சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் அதிகச் சூடு: பிளக் தேவைக்கு மேல் ஹாட்டாக இருக்கலாம், கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம், பிளக் சரியாக இறுகாமல் இருந்திருக்கலாம். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் கோளாறு அந்த சிலிண்டரில். பிளக் தேர்வில் இல்லை. உங்கள் பிளக் நிக்கல் என்றால் 52,000 கிலோமீட்டருக்குப் பிறகு நடு மின்முனையின் ஓரம் கரைந்த சோப்பு விளிம்புபோல வழவழவென்று உருண்டிருக்கும். புதிதில் அது கத்தி வெட்டியதுபோல் கூராக இருக்கும். அந்தக் கூர் போனாலே பொறிக்கு வோல்ட் அதிகம் தேவை.

வெளிப்பக்கம், உலோக உடல் முடியும் இடத்தில் பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம். கேஸ் கசிகிறது என்று சிலர் சொல்வார்கள். அது உயர் மின்னழுத்தம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை. கெடுதல் ஒன்றுமில்லை.

போலிகளும் நிறைய உண்டு, குறிப்பாக இரிடியத்தில். பீங்கான்மேல் எழுத்து மங்கி, நகத்தால் சுரண்டினால் வருகிறதா, நுனி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, மரையின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறதா, வாஷர் விரலால் சுற்றினாலே கழன்று வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் மேல் முனைக்கும் நடு மின்முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள்: ரெசிஸ்டர் பிளக் என்று சொல்லிவிட்டுப் பூஜ்யம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் விதத்தைச் சொல்லாமல் விட்டால், சரியாக வாங்கியதும் வீணாகும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, குழிக்குள் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து வெளியேற்றிவிட்டுக் கழற்றுங்கள். புதியதை ஒரு துண்டு ரப்பர் குழாயில் செருகிக் கையால் சுற்றி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். கையால் இறுகும் வரை வந்த பிறகு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20, 10 மி.மீ. என்றால் 10 முதல் 12 என்பது பொதுவான அளவு. கையேட்டில் வேறு இருந்தால் அதுவே சரி. ரெஞ்ச் இல்லையென்றால், 14 மி.மீ. பிளக்கில் புது வாஷர் தொட்ட பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை. மரையில் கிரீஸோ, மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸோ எதுவும் தடவாதீர்கள்; பிளக்கின் உடலில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, மேலும் வழுக்கினால் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும். தளர்வாக விடுவதும் தப்பு. நுனியின் வெப்பம் வெளியேறும் பாதையே அந்த மரையும் வாஷரும்தான்.

இனி உங்கள் காலை உதறல். பழைய பிளக் தேய்ந்திருந்தால் புதியது போட்டதும் நிற்க வாய்ப்பு அதிகம். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் உள்ள எஞ்சின் என்றால் எட்டு. மாற்றிய பிறகும் உதறினால் இன்னொரு செட் பிளக் வாங்கப் போக வேண்டாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருந்தால், ஸ்கேனரில் எந்த சிலிண்டரில் மிஸ்ஃபயர் (கலவை சரியாகப் பற்றாமல் போவது) என்று பார்த்து, அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். மிஸ்ஃபயரும் கூடவே இடம் மாறினால் கோளாறு காயிலில். இடம் மாறாமல் அங்கேயே நின்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்லுங்கள்.